எண்ணும்போது மணி அடிக்காதே

மருத்துவமனையில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பேர் ‘இன்னொரு தடவை’. நேரில் பார்த்தால் சிஸ்டர், அக்கா. முதுகுக்குப் பின்னால், “இன்னைக்கு நம்ம தியேட்டர்ல யாரு?” என்று ஒருவர் கேட்பார். “இன்னொரு தடவைதான்” என்று பதில் வரும். “போச்சுடா, இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான்” என்று பெருமூச்சு விடுவார்கள். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். முகக்கவசத்துக்குப் பின்னால் சிரித்துக்கொள்வாள். வெளியே காட்டினால் அப்புறம் யார் பயப்படுவார்கள்?

இருபத்தாறு வருடமாக அறுவை சிகிச்சை தியேட்டரில் நர்ஸ். டாக்டருக்குக் கத்தியும் இடுக்கியும் எடுத்துக் கொடுப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் அவளைக் கேட்டால், தன் வேலை எண்ணுவது என்பாள். வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை ஒற்றி எடுக்க மடித்த வெள்ளைத் துணிகள் உள்ளே போகும். அவற்றுக்கு மாப் என்று பேர். உள்ளே போனதும் ரத்தத்தில் ஊறிக் குடலோடு குடலாக ஒட்டிக்கொள்ளும். எது சதை, எது துணி என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் தொடங்கும்போது எண்ண வேண்டும், தைத்து மூடும் முன் எண்ண வேண்டும். ஒருத்தி எண்ணினால் போதாது. இரண்டு பேர், ஒரே நேரத்தில், வாய்விட்டு. நடுவில் ஒரு தும்மல் வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது சட்டம். அவளுக்கோ சட்டத்துக்கும் மேலே.

ஏன் அப்படி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவனைத் தவிர.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். ஒரு தபால்காரருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. கடைசியில் எண்ணும்போது யாரோ கதவைத் திறந்து ஏதோ கேட்டார்கள். அவள் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கணக்கு ஒத்துப்போனது. ஒத்துப்போனதா என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தேகம். பெரியவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயது. “சரியா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டாள். எட்டு மாதம் கழித்து அந்த மனிதர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வயிற்றுக்குள் துணி. மூன்று முறை திறந்து மூடிப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவரால் தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுக்க முடியவில்லை. தபால் நிலையத்தில் இரண்டாவது ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் ஓய்வு பெறும்வரை அவள் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. தபால் வேலை எல்லாம் கணவன்தான்.

கணவன் அச்சகத்தில் இருந்தவர். முப்பது வருட இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. காதில் கருவி மாட்டியிருப்பார். அவள் வேலையிலிருந்து வந்து கோபத்தில் பொரிய ஆரம்பித்தால், ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, மெதுவாகக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். “நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருங்க, நான் செவுத்துக்கிட்டப் பேசிக்கிறேன்” என்று அவள் கத்துவாள். அது அவருக்குக் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவார். முதலில் எரிச்சலாக வரும். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிடும்.

இந்த வருடம் அந்தச் சிரிப்பும் வரவில்லை.

தியேட்டரில் இருபத்து மூன்று நர்ஸ்கள் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர்தான் மிச்சம். பதினோரு பேர் போய்விட்டார்கள். ஒருத்திக்கு இடுப்பு போனது. ஒருத்திக்குத் தூக்கம் போனது. ஒருத்தி வேலை நேரத்தில் சாமான் அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள், மறுநாளிலிருந்து வரவில்லை. இருப்பவர்கள் இரண்டு ஆள் வேலையைச் செய்தார்கள். “ஆள் போடுங்க” என்று எழுதிக் கொடுத்த காகிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல். அப்புறம் ஒரு நாள் நிர்வாகம் கண் திறந்தது. திறந்து என்ன செய்தது? மணி வாங்கியது.

பணியாளர் மனநலத் திட்டம் என்று அதற்குப் பேர். மைண்ட்ஃபுல்னஸ் என்றார்கள். மூச்சைக் கவனிப்பது, இந்த நொடியில் இருப்பது. வாரம் ஒரு வகுப்பு, அதுவும் வேலை முடிந்த பிறகு, கால் வீங்கி நிற்கிற நேரத்தில். அது போகட்டும். தினமும் மூன்று தடவை, பதினொன்று, மூன்று, ஏழு மணிக்கு, கட்டடம் முழுவதும் ஒலிபெருக்கியில் ஒரு மணி அடிக்கும். பிறகு ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசும்: “கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். கண்களை மெல்ல மூடுங்கள். மூச்சை மட்டும் கவனியுங்கள்.” ஒரு நிமிடம். வரவேற்பில் அடிக்கட்டும். கேன்டீனில் அடிக்கட்டும். தியேட்டருக்குள்ளும் அடித்தது! ஒருத்தர் வயிறு திறந்து கிடக்கும்போது கண்ணை மூடு என்கிறது ஒரு குரல். கேட்டால், எல்லா இடத்துக்கும் ஒரே ஒயர், தியேட்டருக்கு மட்டும் தனியாக நிறுத்த முடியாதாம்.

அவள் வாயால் இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை எழுதிக் கொடுத்தாள்: “எண்ணும்போது மணி அடித்தால் எண்ணிக்கை தவறும். தியேட்டரில் மணியை நிறுத்தவும்.” பதில் வந்தது. தங்கள் கடிதத்தில் கோபமும் மன அழுத்தமும் தெரிகின்றன. ஆகவே தங்களுக்குக் கூடுதலாக நாலு தனி வகுப்புகள் ஒதுக்கப்படுகின்றன.

அன்றைக்கு வீட்டில் அவள் போட்ட சத்தத்தில் கணவர் கருவியைக் கழற்றவே மறந்துவிட்டார். “தீப்பிடிக்குதுன்னு சொன்னா, உனக்குக் காய்ச்சல், மாத்திரை சாப்பிடுங்கிறாங்க!” என்று பாத்திரத்தை வைத்த வேகத்தில் மூடி உருண்டு வாசல்வரை போனது. அவர் எழுந்து போய் எடுத்துவந்து கொடுத்தார்.

“அந்தத் தபால்காரர் ஞாபகமா?” என்றார்.

அவள் மூடியைப் பாத்திரத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அதுதான் விஷயம் என்று அவருக்குத் தெரியும்.

தனி வகுப்புக்குப் போனாள். பயிற்சி கொடுத்தவள் ஒல்லியான ஒரு பெண், நாற்பது வயதுக்குள். மெதுவாகப் பேசுகிறவள். வாயைத் திறந்ததும் கடித்துக் குதற வேண்டும் என்று முடிவோடு போயிருந்தாள் இவள்.

“மூச்சை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிப் பாருங்க சிஸ்டர்.”

“எண்ணுறதுதாம்மா என் பொழப்பே. அதைச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளா?”

பயிற்சிக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. “எண்ணும்போது மனசுல என்ன ஓடும்?”

“என்ன ஓடும்? ஒண்ணும் ஓடாது. எண்ணுவேன். அவ்வளவுதான்.”

“அதைத்தான் நாங்க மைண்ட்ஃபுல்னஸ்னு சொல்றோம்.”

“நாங்க அதை வேலைன்னு சொல்றோம்.”

பயிற்சிக்காரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நிர்வாகத்திடம் அவள் கேட்டது மணி இல்லை. வேலை நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிட ஓய்வு, அந்த இருபது நிமிடம் அவர்கள் இடத்தில் நிற்க இன்னொரு ஆள். எழுதிக் கொடுத்த திட்டத்தில் முதல் வரியே அதுதான். “ஆள் போட வசதியில்லைன்னுட்டாங்க. மணியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க” என்றாள்.

“அப்ப நீ அதை வெளியில சொல்லேன்!”

“சொன்னேன் சிஸ்டர். அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க.”

இவளும் நம்மைப் போலத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. கோபம் குறையவில்லை. முகவரி மட்டும் மாறியது.

ஏழு மாதம் அப்படியே ஓடியது. எண்ணும்போது மணி அடித்தால் அவள் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். டாக்டர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவள் ஒரு தையல்காரி. முப்பத்தெட்டு வயது, கருப்பையில் பெரிய கட்டி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் மேசையில் படுத்துக்கொண்டு பயத்தில் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். “அக்கா, நான் ஒரு தடவை ஒருத்தர் சட்டைக் கையில ஊசிய வெச்சே தெச்சுட்டேன். போட்டவர் போட்ட கத்து இருக்கே! நீங்க அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க.”

“நான் இருக்கேன்ல, தூங்கு” என்றாள் இவள்.

இவளோடு சேர்ந்து எண்ண வேண்டிய நர்ஸை ஓட்டக்காரி என்பார்கள். ஆள் பற்றாக்குறையால் இரண்டு தியேட்டருக்கும் அவள் ஒருத்திதான். இங்கே துணி கொடுத்துவிட்டு அங்கே மருந்து எடுக்க ஓடுவாள், அங்கிருந்து இங்கே. கைக்குழந்தைக்காரி. போன மாதம் மணி அடித்தபோது கண்ணை மூடவில்லை என்று அவளுக்கு மதிப்பெண் குறைத்து, கேட்டிருந்த விடுப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆமாம், கண் மூடுவதற்கும் மதிப்பெண் உண்டு. அதைப் போடுகிறவள் தர அதிகாரி. அன்றைக்கு அவளே தியேட்டருக்குள் வந்து, அட்டையும் பேனாவுமாக மூலையில் நின்றிருந்தாள்.

கட்டி வெளியே வந்தது. பெரிய டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். “எண்ணிடுங்க, மூடிடலாம்” என்றார். தொடங்கும்போது இருபது மாப். ஐந்து இவள் தட்டில் உபயோகிக்காமல் இருந்தது. ரத்தத்தில் ஊறியவை பாத்திரத்தில். ஓட்டக்காரி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட, இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்து. பதினொண்ணு. பன்னிரண்டு.

மணி அடித்தது.

தேன் குரல் பேச ஆரம்பித்தது. ஓட்டக்காரி மூலையில் நின்ற அட்டையைப் பார்த்தாள். இடுக்கியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்! ஒரு நிமிடம் போனது. கண்ணைத் திறந்து இடுக்கியை எடுத்து, “பதினாலு” என்றாள். பழக்கத்தில் இவள் வாயும் கூடவே சொன்னது. “பதினஞ்சு.” பாத்திரம் காலி. தட்டில் இருப்பது ஐந்து. இருபது.

“சரியா இருக்கு சார்” என்றாள் ஓட்டக்காரி.

“ஊசி” என்று பெரிய டாக்டர் கையை நீட்டினார்.

இவள் கொடுக்கவில்லை. தப்பு என்று அவளுக்குத் தெரியாது. சரி என்றும் தெரியவில்லை. இருபத்தைந்து வயதில் வந்த அதே சின்ன சந்தேகம், அதே இடத்தில். அன்றைக்குக் கதவு திறந்தது, இன்றைக்கு மணி.

“இன்னொரு தடவை” என்றாள்.

“சிஸ்டர், எண்ணியாச்சு. எல்லாரும் கேட்டோம்.”

“இன்னொரு தடவை சார்.”

“அடுத்த கேஸ் நிக்குது. நீங்க டென்ஷனா இருக்கீங்க. ஒரு மூச்சு இழுத்து விடுங்க.”

அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்தில் தியேட்டருக்குள் குரல் உயர்த்தாதவள் உயர்த்தினாள். “மூச்சு நான் வீட்ல போய் விட்டுக்கறேன் சார்! இவ வயித்தை மூடணும்னா என் கையிலிருந்து ஊசியப் பிடுங்கித்தான் மூடணும். நான் குடுக்கமாட்டேன்!” தையல் ஊசியைத் தட்டின் கோடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். தர அதிகாரி அட்டையில் வேகவேகமாக எதையோ எழுதினாள். எழுது தாயே, நன்றாக எழுது என்று நினைத்துக்கொண்டாள் இவள்.

ஓட்டக்காரி பையைக் கவிழ்த்தாள். தரையில் துணி விரித்து ஐந்தைந்தாகப் பரப்பினாள். இரண்டு வரிசை நிறைந்தது. மூன்றாவது வரிசையில் நாலு. தட்டில் ஐந்து. பத்தொன்பது.

பெரிய டாக்டர் மறுபடி குனிந்தார். குடல் மடிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கினார். ஆறு நிமிடம். இடது பக்கம், பின்னால், ஆழத்தில் இருந்தது. இடுக்கியில் தூக்கியபோது சொட்டிக்கொண்டு வந்தது. ஓட்டக்காரி அதை இடுக்கியில் வாங்கி மூன்றாவது வரிசையின் கடைசியில் வைத்தாள்.

“இருபது” என்றாள் இவள். ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கண்காணிப்பாளர் அறையில் கூட்டம். மத்தியானம் இரண்டரைக்கு. கண்காணிப்பாளர், தர அதிகாரி, பெரிய டாக்டர், பயிற்சிக்காரி, ஓட்டக்காரி, இவள். மேசைமேல் ஒரு படிவம், ஏற்கெனவே நிரப்பியது. காரணம்: மன அழுத்தத்தால் பணியாளருக்கு ஏற்பட்ட கவனக்குறைவு. தீர்வு: சம்பந்தப்பட்ட பணியாளருக்குப் பன்னிரண்டு வாரக் கூடுதல் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, பணிப்பதிவேட்டில் குறிப்பு. மணி என்ற சொல் எங்குமே இல்லை. மூத்தவள் என்பதால் கீழே இவள் கையெழுத்து வேண்டும்.

ஓட்டக்காரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டில் குறிப்பு ஏறினால் அவளை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், பன்னிரண்டு பதினொன்றாகும். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த தையல்காரிக்கு யார் பொறுப்பு?

“போடுங்க சிஸ்டர்” என்றார் கண்காணிப்பாளர். நல்ல மனிதர்தான், யாரையும் திட்டமாட்டார், எதையும் செய்யவும் மாட்டார். “சின்ன விஷயம். ஊதிப் பெருசாக்க வேண்டாம்.”

“கவனக்குறைவுக்கு மணியை எப்படி சார் குறை சொல்றது? அது கவனத்துக்கான மணி” என்றாள் தர அதிகாரி.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். “மணி அடிச்சப்பத்தான் சார் விட்டுப்போச்சு. நானும் அங்க இருந்தேன்.” அவ்வளவு சொன்னதே பெரிது.

“இருக்கலாம் டாக்டர். ஆனா கவனமா இருந்திருந்தா தொடர்ந்திருக்கலாம் இல்லையா?” என்றார் கண்காணிப்பாளர்.

இவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஆக ஒரு நிமிடத்துக்கும் கம்மி. தோள்பையைத் திறந்து, தியேட்டரிலிருந்து கொண்டுவந்திருந்த மாப்களை மேசைமேல் கொட்டினாள். புதியவை, வெள்ளை வெளேரென்று ஒன்றோடொன்று சுருண்டு கிடந்தன.

“இதுல இருபது இருக்கான்னு எண்ணிக் குடுங்க சார். அப்புறம் எங்க சொல்றீங்களோ அங்க கையெழுத்துப் போடறேன்.”

“என்ன சிஸ்டர் இது, ஸ்கூல் பசங்க மாதிரி?”

“ஒரு நிமிஷ வேலை சார்.”

தொல்லை விட்டால் போதும் என்று அவர் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் இழுப்பறைக்குள் போட்டார். எட்டு. ஒன்பது. பத்து.

மணி அடித்தது.

தர அதிகாரி பழக்கத்தில் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். கண்காணிப்பாளர் கையில் ஒரு துணியோடு நின்றுவிட்டார். ஒலிபெருக்கி, வேலையைக் கீழே வை என்றது. அது அவர் கையெழுத்துப் போட்ட ஆணை. எதிரே பயிற்சிக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துணியைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். இவள் மூடவில்லை. அந்த ஒரு நிமிடம் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, துணியை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். “பன்னிரண்டு” என்றார். தொடர்ந்தார். கடைசித் துணியைப் போட்டுவிட்டு, “இருபது. சரியா இருக்கு” என்றார்.

“நிச்சயமா சார்?”

அவர் இழுப்பறையை எட்டிப் பார்த்தார். தர அதிகாரியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை எண்ணிடறேனே” என்றார்.

ஓட்டக்காரி தலையை நிமிர்த்தினாள்.

“எண்ணுங்க சார்” என்றாள் இவள். “நிதானமா எண்ணுங்க. இங்க யார் வயிறும் தொறந்து கிடக்கல.”

அவர் எண்ணினார். பத்தொன்பது. நம்பாமல் மறுபடி எண்ணினார். பத்தொன்பது. பிறகு யாரையும் பார்க்காமல் படிவத்தை இழுத்து, காரணம் என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டு, எண்ணும்போது மணி அடித்தது என்று தன் கையாலேயே எழுதினார். பதிவேட்டுக் குறிப்பையும் அடித்தார். தியேட்டருக்குப் போகும் ஒயரை நாளைக்கே வெட்டச் சொல்கிறேன் என்றார். ஏழு மாதமாக முடியாதது ஒரு கத்தரிக்கோல் வேலையாக இருந்திருக்கிறது. அதை நினைக்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் துணிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். கண்காணிப்பாளர் சிரிக்கப் பார்த்தார். “என்ன சிஸ்டர், இப்பத் திருப்திதானே? கோபம் போச்சா?”

“மணிதான் சார் போச்சு” என்றாள் அவள். “பதினோரு பேர் இன்னும் வரல. கோபம் எங்கிட்டயே இருக்கட்டும், வேலைக்கு ஆகும்.”